நூறு பூக்களும் ஒரு சேப்டி வால்வும்

நான் பயந்த சுபாவம் உள்ளவன். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பாய்லர் அட்டெண்டராகக் காலம் தள்ளியவனுக்குப் பயம் இல்லை என்றால் அவன் வேலையை ஒழுங்காகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். என் மனைவி இதை ஒப்புக்கொள்வதில்லை. காஸ் அடுப்பைக்கூடத் தள்ளி நின்று கையை நீட்டிப் பற்றவைக்கிற ஆள், பாய்லர்மேல் பழியைப் போடாதீர்கள் என்பாள்.

கொஞ்ச நாள் முன்பு வியாசர்பாடியில் என் வீட்டுக்குப் பழைய கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான் பார்த்த வேலையை இப்போது பார்ப்பவர்கள். கம்பெனி சீனாவிலிருந்து புது பாய்லர் வாங்கப்போகிறதாம். அதை வைத்து இரண்டு சங்கமும் கேட்டில் தினம் கூட்டம் போடுகிறார்களாம். ஒருவர் அது பாட்டாளி வர்க்க நாடு செய்த பாய்லர் என்கிறாராம். இன்னொருவர் நம்மேல் படையெடுத்து வந்தவன் செய்த பாய்லர் என்கிறாராம். வெல்டிங் எப்படி, பிரஷர் டெஸ்ட் செய்த சர்டிபிகேட் இருக்கிறதா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை. "நீங்க இன்னாண்ணே சொல்றீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். சர்டிபிகேட்டைப் பார்க்கச் சொல்லி, காபி கொடுத்து அனுப்பினேன். அவர்கள் போன பிறகு எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. கன்னியப்பன் ஞாபகம் வந்துவிட்டது. அவனைப் பற்றி எழுதிவைத்தால் நெஞ்சு கொஞ்சம் லேசாகும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

திருவொற்றியூர் நெடுஞ்சாலை ஓரத்தில் ரப்பர் சாமான் செய்கிற கம்பெனி அது. நான் அங்கே கரி அள்ளுகிறவனாகச் சேர்ந்து, இரண்டாம் வகுப்பு சர்டிபிகேட் வாங்கி, பிறகு முதல் வகுப்பும் வாங்கினேன். கரி போய் பர்னஸ் ஆயில் வந்தது. படித்தது, பரீட்சை எழுதியது, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லாம் இதில் அடக்கம்.

ரப்பரை அச்சில் வைத்து வேகவைக்க நீராவி வேண்டும். அந்த நீராவியைக் கொடுப்பது பாய்லர். ஊர் கண்ணுக்கு அது ஒரு பெரிய இரும்புப் பீப்பாய். எங்களுக்கு அது எப்போதும் விழித்துக்கொண்டிருக்கிற ஒரு ஜந்து. உள்ளே தண்ணீர் குறைந்தால் குழாய் காய்ந்து வெடிக்கும். அழுத்தம் ஏறினால் பீப்பாயே வெடிக்கும். எங்கள் பாய்லர் வீட்டுக்கும் கேண்டீனுக்கும் நடுவில் ஒரே ஒரு செங்கல் சுவர். அந்தச் சுவரைக் கட்டியவனை நான் ஒவ்வொரு ஷிப்டிலும் திட்டியிருக்கிறேன்.

தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட முகப்பில் ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கும். அந்தக் கண்ணாடியை அப்படியே நம்பக் கூடாது. கீழ்க் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் வற்றிய பிறகும் கண்ணாடியில் தண்ணீர் நிற்கும். அதனால் அடிக் குழாயைத் திறந்து, சர்ரென்று எல்லாவற்றையும் வெளியே விட்டு, மூடி, தண்ணீர் மறுபடி துள்ளி ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. ஷிப்டு மாறும்போது போகிறவனும் வருகிறவனும் சேர்ந்து நின்று இதைச் செய்ய வேண்டும். தண்ணீர் சரியாக இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டு யாரும் வீட்டுக்குப் போக முடியாது. கூடப்பிறந்தவனே சொன்னாலும் எடுபடாது. துள்ளி ஏறுவதை இரண்டு பேர் கண்ணும் பார்க்க வேண்டும்.

கண்ணாடிக்கு அடுத்தது சேப்டி வால்வு. அழுத்த மீட்டரின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டால் அது தானே திறந்து, ஊரே காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி அலறி, நீராவியை வெளியே விட்டுவிடும். அதன் ஸ்பிரிங் எந்த அளவு இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை இன்ஸ்பெக்டர் வந்து வைத்து, கம்பி கட்டி ஈய முத்திரை போட்டுவிட்டுப் போவார். அதில் கம்பெனியில் யாரும் கை வைக்கக் கூடாது.

கன்னியப்பன் எண்ணூர்ப் பக்கம் ஒரு குப்பத்துக்காரன். அப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். அவன் மட்டும் எப்படியோ சர்டிபிகேட் வாங்கி எனக்கு ஜோடியாக வந்து சேர்ந்தான். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சின்னவன். பயம் என்றால் என்ன என்று கேட்பான். ஆனால் வேலையில் ஒரு குற்றம் சொல்ல முடியாது. கண்ணாடி பார்க்க நான் வரத் தாமதமானால், ஷிப்டு முடிந்தும் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு காத்திருப்பான்.

அந்தக் கம்பெனியில் இரண்டு சங்கம் என்று சொன்னேன் அல்லவா? இரண்டுக்குமே சிவப்புக் கொடிதான். வடக்கு கேட்டில் ஒன்று, தெற்கு கேட்டில் ஒன்று. ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து, சீனா சொல்வது சரியா ரஷ்யா சொல்வது சரியா என்று சண்டை போட்டுப் பிரிந்தவை. ரஷ்யா உடைந்து பல நாடாகப் போன பிறகும் அந்தச் சண்டை திருவொற்றியூரில் நடந்துகொண்டிருந்தது. கக்கூஸ் கதவு உடைந்திருக்கிறது என்று ஆரம்பிக்கிற பேச்சு அரை மணி நேரத்தில் இமயமலைக்குப் போய்விடும். நம் நாடு அணுகுண்டு வெடித்துப் பார்த்த சமயத்தில் சீனாதான் முதல் எதிரி என்று பேப்பரில் வந்தது. வடக்கு கேட் ஆட்கள் டீக்கடைக்கு வந்தால், சீனாக்காரர் வந்துவிட்டார், ஜாஸ்மின் டீ போடு என்று கிண்டல் செய்வார்கள். நான் இரண்டு சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கும் போவேன். யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்கிற பயம்தான் காரணம்.

வடக்கு கேட் சங்கத்துச் செயலாளர் தாமோதரன். மெயின்டனன்ஸ் ஃபிட்டர். புளியந்தோப்பில் ஹவுசிங் போர்டு வீடு. நிர்வாகத்திடம் ஒரு வாய்த் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காதவர். அவர் வீட்டுச் சுவரில் சீனத் தலைவரின் பெரிய படம் மாட்டியிருக்கும். அவருடைய அம்மா வெள்ளிக்கிழமை சாமி படங்களைத் துடைக்கும்போது அதையும் துடைத்து ஒரு பொட்டு வைத்துவிடுவார். தாமோதரன் அதை அழிக்கவும் மனசு வராமல், விடவும் மனசு வராமல் முழிப்பதை நானே பார்த்திருக்கிறேன். கேட் கூட்டத்தில் எதைப் பேசினாலும் ஒரு சீனக் கதை சொல்லித்தான் முடிப்பார். புரட்சிப் படைக்காரர்கள் பனிமலையில் பசியோடு நடந்தார்கள், இடுப்பு பெல்ட்டை வேகவைத்துத் தின்றார்கள் என்று அவர் சொல்லும்போது, கேட்கிறவனுக்கு அன்றைய ஓவர்டைம் களைப்பெல்லாம் ஒன்றுமில்லை என்று தோன்றும். அவருடைய ஆட்கள் அவரை முழுசாக நம்பினார்கள். கன்னியப்பன் அவரிடம் உயிரையே வைத்திருந்தான்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் புது மேனேஜர் வந்தார். பெயர் ஞானசேகரன். பாய்லர் வீடு நேராக அவர் கையில். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அறைக்குக் கூப்பிட்டால் உட்காரச் சொல்வார். மேஜை இழுப்பறையிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்துத் திறந்து நீட்டுவார். பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று பெயர் சொல்லி விசாரிப்பார். நம் பிள்ளைகள் பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்று உள்ளுக்குள் ஒரு நடுக்கம் வரும். பேச்சு முடிந்ததும் அவர் நாற்காலியிலேயே இருந்தால் பிழைத்தோம். எழுந்து கூடவே நடந்து கதவுவரை வந்து வழியனுப்பினால் அந்த ஆளைப் பற்றி அவர் முடிவு செய்துவிட்டார் என்று அர்த்தம். இதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு மூன்று பேரின் வேலை போக வேண்டியிருந்தது.

அவருக்கும் சீனாதான் பேச்சு. கல்லூரியில் படிக்கும்போது அவரே தீவிரமான சிவப்பாம். இப்போது கம்பெனி செலவில் சீனா போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அங்கே ஆள்வது உங்கள் கட்சிதான், ஆனால் ஒரு தொழிற்சாலையில்கூட வேலைநிறுத்தம் கிடையாது, நீங்கள் மட்டும் ஏன் கொடி பிடிக்கிறீர்கள் என்று சிரித்துக்கொண்டே கேட்பார். தாமோதரனுக்கு முகம் சிவந்துவிடும். ஆளாளுக்கு ஒரு சீனா வைத்திருந்தார்கள். நடுவில் நாங்கள் பாய்லரைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அந்த வருடம் ஆர்டர் அதிகம். புது அச்சுகள் போட்டார்கள். நீராவி போதவில்லை, அழுத்தத்தை ஏற்று என்று மேலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்கள். சிவப்புக் கோட்டுக்கு மேல் ஏற்ற முடியாது, வால்வு திறந்துகொள்ளும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

ஒரு நாள் மதியம், கேண்டீனில் சாப்பாட்டுக் கூட்டம் இருந்த நேரம். அன்று கன்னியப்பன் ஷிப்டு. நான் கண்ணாடி பார்த்து ஒப்புக்கொள்ள அப்போதுதான் வந்து நின்றேன். அச்சுப் பகுதியில் கரண்ட் போய் எல்லா மெஷினும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டது. நீராவியை இழுக்க ஆள் இல்லை. அழுத்தம் ஏற ஆரம்பித்தது. முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. நான் அலறலை எதிர்பார்த்துக் காதைப் பொத்திக்கொண்டேன். வால்வு திறக்கவில்லை. முள் கோட்டைத் தாண்டியது. சுவருக்கு அந்தப் பக்கம் தட்டுச் சத்தமும் சிரிப்பும் கேட்டுக்கொண்டிருந்தது. இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அந்த அமைதியைப்போல ஒரு பயங்கரத்தை நான் அனுபவித்தது கிடையாது. எனக்குக் கால் நகரவில்லை. கன்னியப்பன் ஓடிப்போய் பர்னரை அணைத்து, மேலே ஏறி, கையால் திறக்கிற வால்வை இரண்டு கையாலும் திருகினான். நீராவி பீறிட்டு வெளியே போயிற்று. முள் மெதுவாக இறங்கியது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு இரண்டு பேரும் மேலே ஏறிப் பார்த்தோம். சேப்டி வால்வின் முத்திரைக் கம்பியை வெட்டி, ஸ்பிரிங்கை இறுக்கி, வெட்டியது பார்வைக்குத் தெரியாதபடி கம்பியை மறுபடி முறுக்கி வைத்திருந்தார்கள். வாராந்திர லீவு நாளில் யாரோ வந்து செய்திருக்க வேண்டும்.

ஞானசேகரனிடம் போய்ச் சொன்னோம். பிஸ்கட் கொடுத்தார். கன்னியப்பன் எடுக்கவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். யாரும் கை வைத்திருக்க முடியாது, நீங்கள் பயந்துபோய் இருக்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் வருகிறபோது பார்த்துக்கொள்ளலாம், அதுவரை கவனமாக ஓட்டுங்கள் என்றார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை. அதற்கே நான் நிம்மதிப்பட்டேன் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கப்புறம் ஒவ்வொரு ஷிப்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே போனது. சோறு தொண்டையில் இறங்கவில்லை. மனைவி கேட்டால் வயிறு சரியில்லை என்று சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் கேண்டீனில் மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்தில் ஒரு பேனர் கட்டினார்கள். 'நூறு பூக்கள் மலரட்டும்' என்று எழுதியிருந்தது. மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை தொழிலாளர்கள் கம்பெனியில் உள்ள குறைகளை மேனேஜர் முன்னால் தாராளமாகப் பேசலாம், பேசினவர்மேல் எந்த நடவடிக்கையும் இருக்காது என்று ஞானசேகரனே மைக்கில் அறிவித்தார். இது சீனத் தலைவர் சொன்ன வாசகம், தோழர் தாமோதரனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும் என்று அவர் பக்கம் திரும்பிக் கும்பிட்டார். வடக்கு கேட் ஆட்கள் கைதட்டினார்கள். நம் தலைவரின் வார்த்தையை முதலாளியே சுவரில் கட்டவேண்டி வந்துவிட்டது என்று அவர்களுக்குப் பெருமை.

நான் கைதட்டவில்லை. அந்தக் கதையின் மிச்சத்தை நான் தெற்கு கேட் வகுப்பில் கேட்டிருந்தேன். சீனாவில் தலைவர் எல்லாரையும் குறை சொல்லச் சொன்னார். முதலில் தயங்கியவர்களைத் தைரியப்படுத்தினார்கள். வாத்தியார்கள், இன்ஜினீயர்கள், எழுதுகிறவர்கள் எல்லாரும் மனசில் இருந்ததைக் கொட்டினார்கள். கொட்டி முடித்ததும் அவர்களையே எதிரி என்று முத்திரை குத்தி, வேலையைப் பிடுங்கி, மண் வெட்ட எங்கெங்கோ அனுப்பினார்கள். பலர் திரும்பி வரவில்லை. இதை நான் வடக்கு கேட் வகுப்பில் ஒரு முறை வெள்ளந்தியாகக் கேட்டுவிட்டேன். அன்று வகுப்பு எடுத்தவர், இனி இப்படிக் கேட்பதாக இருந்தால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

தெற்கு கேட் தலைவர் மறுநாளே கூட்டம் போட்டு, இது பொறி, யாரும் வாயைத் திறக்காதீர்கள் என்று சீனக் கதையை முழுசாகச் சொன்னார். பலன் இல்லை. அவர் சொன்னால் வடக்கு கேட் ஆட்கள் அதற்கு நேர்மாறாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். அதற்குப் பதில் சொல்ல வேண்டிய இடத்தில் தாமோதரன் மாட்டிக்கொண்டார். பொறி என்று அவரும் சொன்னால், சீனாவில் நடந்ததும் பொறிதான் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். வாழ்நாள் முழுக்க மேடையில் மறுத்து வந்ததை, அதுவும் தெற்கு கேட்காரர் சொல்லி, எப்படி ஒப்புக்கொள்வது? ஞானசேகரன் அந்தப் பெயரைத் தேடிப் பிடித்து வைத்தது இதற்காகத்தான் என்று எனக்கு அப்போதே பட்டது. அவரும் அதே புத்தகங்களைப் படித்தவர்தானே. தாமோதரன் ஸ்டூலில் ஏறி, அதெல்லாம் அமெரிக்காக்காரன் கிளப்பிய பொய், உண்மையைப் பேசத் தோழர்கள் அஞ்ச வேண்டாம் என்று பேசினார். அன்று பெல்ட் கதையைச் சொல்லவில்லை. அதையும் நான் கவனித்தேன்.

கன்னியப்பன் அந்தச் சனிக்கிழமை வால்வைப் பற்றிப் பேசப் போவதாகச் சொன்னான். நான் வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. முள்ளைப் பார்த்தபடியே சொன்னான்.

"நீ சொல்றது நெசமாவும் இருக்கும் அண்ணாத்த. நான் தோழரையே கேட்டுட்றேன்."

கேட்டான். ஃபிட்டர் ஷெட்டில் போய் நேராகவே கேட்டான் என்று பிறகு தெரிந்தது. பேசியவர்களைச் சீனாவில் ஒன்றும் செய்யவில்லையே என்று கேட்டிருக்கிறான். ஒன்றும் செய்யவில்லை, அது கட்டுக்கதை, நீ தைரியமாகப் பேசு, உன் முடியைக்கூட எவனும் தொட முடியாது என்று தாமோதரன் அவன் தோளில் தட்டி அனுப்பியிருக்கிறார். கண்ணாடியில் தண்ணீர் இருக்கிறது என்று நான் சொன்னால் நம்பாமல், தானே திறந்து பார்க்கிறவன் அவன். அன்று அவர் சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

அவன் மனைவி மல்லிகா திருவொற்றியூர் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். மீன் வாங்கப் போன இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டாள். குப்பத்தில் மாசம் பிறந்தால் சம்பளம் என்று வருகிற ஒரே வீடு அவர்களுடையது. கடல் ஏமாற்றும்போது மைத்துனன் குடும்பமும் அதில்தான் சாப்பிட்டது.

"இவரு இன்னாமோ பேசப் போறாராமே அண்ணா. வேலைக்கு ஒண்ணியும் ஆவாதுன்னு தோழரு சொன்னாராம். ஆவாதுல்ல?"

நான் பேச வேண்டாம் என்றுதான் சொன்னேன் என்றேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள். நீங்கள் எல்லாவற்றுக்கும் பயப்படுவீர்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார் என்றாள். சொல்லிவிட்டு, சங்கடப்பட்டு, இரண்டு சங்கரா மீனைக் கூடுதலாகப் போட்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. நான் பயந்தவன் என்பதாலேயே என் பேச்சு செல்லாக்காசாகிவிட்டதே என்று வருத்தமாக இருந்தது.

அந்தச் சனிக்கிழமை கேண்டீன் நிறைந்திருந்தது. ஞானசேகரன் முன் வரிசையில் உட்கார்ந்து எல்லாருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒருவன் கேண்டீன் சோற்றைப் பற்றிப் பேசினான். ஒருவன் கையுறை கிழிந்தால் மாற்றிக் கொடுப்பதில்லை என்றான். ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் அவர் நன்றி சொன்னார். கன்னியப்பன் எழுந்து மைக்கைத் தள்ளிவைத்துவிட்டுப் பேசினான். அவனுக்கு மைக் தேவைப்படாது.

"இந்தச் செவுத்துக்கு அப்பால பாய்லர் கீது. அதோட சேப்டி வால்வ எவனோ இறுக்கி வெச்சிருக்கான். பிரஷர் ஏறினா அது தொறக்காது. அன்னிக்கு நீங்கல்லாம் சோறு துன்னுகினு இருந்த நேரத்துல நாம எல்லாருமே போயிருப்போம். நான் பாத்தேன். அத்த மொதல்ல சரி பண்ணுங்க."

யாரும் கைதட்டவில்லை. சுவர் ஓரமாக இருந்த பெஞ்சிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து இந்தப் பக்கம் வந்தார்கள். ஞானசேகரன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மிக முக்கியமான விஷயம் சொன்னாய் என்று அவன் கையைக் குலுக்கினார். கூட்டம் முடிந்ததும் அவன் தோளில் கைபோட்டுப் பேசிக்கொண்டே கேண்டீன் கதவுவரை கூட வந்தார். நான் அதைப் பார்த்தேன். தாமோதரனும் பார்த்தார். எங்கள் இரண்டு பேர் கண்ணும் ஒரு நிமிடம் சந்தித்தன. அவர்தான் முதலில் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்து வந்த வாராந்திர லீவில் வால்வைச் சரிசெய்துவிட்டார்கள். நான் வேலைக்கு வந்து மேலே ஏறிப் பார்த்தபோது ஸ்பிரிங் பழைய அளவில் இருந்தது. முத்திரையும் புதுசாக மின்னியது, இன்ஸ்பெக்டர் வந்ததாக யாரும் சொல்லவில்லை. எல்லார் உயிரும் பிழைத்தது. சோறு பற்றிப் பேசியவனைச் சடையங்குப்பம் பக்கத்தில் இருந்த கிடங்குக்கு மாற்றினார்கள். கையுறை பற்றிப் பேசியவனுக்கு ஓவர்டைம் நின்றது. கன்னியப்பனுக்குக் குற்றப் பத்திரிகை வந்தது. இல்லாத ஆபத்தை இருப்பதாகச் சொல்லித் தொழிலாளர்களைப் பீதியடையச் செய்து உற்பத்தியைக் கெடுத்தான் என்று குற்றம். விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட். வால்வை வேண்டுமானால் யார் வந்தாலும் பார்த்துக்கொள்ளலாம் என்று கம்பெனி தாராளமாகச் சொன்னது.

உள்விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவனுக்காகப் பேச ஒரு சக தொழிலாளியை வைத்துக்கொள்ளலாம். தாமோதரன் தானே வருவதாகச் சொன்னார். சாட்சிக்கு என்னை எழுதிக் கொடுத்தார்கள். எனக்கு வந்த பயத்தைச் சொல்லி மாளாது. வால்வு இறுக்கியிருந்தது என்று நான் சொன்னால், அப்படி இறுக்கிய பாய்லரைத் தெரிந்தே ஓட்டினேன் என்று ஆகும். என் சர்டிபிகேட்டே போய்விடலாம். ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அவன் வேலை நிச்சயம் போகும். வீட்டில் புத்தர் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பார்த்தேன். காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். மனைவிதான் வெளுத்த சட்டையை எடுத்து வைத்து, போய்விட்டு வாருங்கள் என்றாள்.

விசாரணை மேனேஜர் அறையிலேயே நடந்தது. விசாரணை அதிகாரி கம்பெனி ஏற்பாடு செய்த வக்கீல். ஒரு டைப்பிஸ்ட் பேசுவதையெல்லாம் அடித்துக்கொண்டிருந்தாள். கன்னியப்பன் இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். அவனுக்கு இன்னும் நம்பிக்கை இருந்தது. தாமோதரன் எழுந்து ஞானசேகரனைக் கேள்வி கேட்டார். அந்தக் கூட்டத்துக்கு அந்தப் பெயரை வைத்தது நீங்கள்தானே என்று கேட்டார். ஆமாம் என்றார். பேசினவர்மேல் நடவடிக்கை இல்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னீர்களா என்று கேட்டார். அதற்கும் ஆமாம் என்றார். அப்படியானால் இந்தக் குற்றப் பத்திரிகை எப்படி வந்தது என்று தாமோதரன் குரலை உயர்த்தினார்.

ஞானசேகரன் பிஸ்கட் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினார்.

"தோழர், நான் இருபது வயசுல உங்க தலைவர் படத்தைத்தான் சுவத்துல மாட்டியிருந்தேன். நூறு பூக்கள்னு பேர் வெச்சேன். அந்தக் கதை அங்க எப்படி முடிஞ்சதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

இது விசாரணைக்குச் சம்பந்தமில்லாத கேள்வி, பதில் சொல்லத் தேவையில்லை என்று வக்கீல் உடனே சொன்னார். டைப்பிஸ்ட் கையை நிறுத்தினாள். தாமோதரன் சும்மா இருந்திருக்கலாம். தெரியாது என்று சொல்லியிருக்கலாம், அமெரிக்கப் பொய் என்று இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம். அவர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். கை நடுங்கியது. எப்போதும் நடுங்குகிறவன் நான் என்பதால் எனக்கு அது உடனே தெரிந்தது.

"தெரியும்" என்றார். "பேசினவங்களத்தான் தேடிப் புடிச்சாங்க. எனக்கு அது பல வருஷமா தெரியும். தெரிஞ்சுதான் இவன் வந்து கேட்டப்போ பொய்னு சொன்னேன். அடிம்மா, இத்தையும் சேத்து அடி."

கன்னியப்பன் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தான். அடுத்து என்னைக் கூப்பிட்டார்கள். தண்ணீர் கேட்டுக் குடித்துவிட்டு, வால்வு இறுக்கியிருந்தது, முத்திரைக் கம்பி வெட்டியிருந்தது, நானே ஏறிப் பார்த்தேன் என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. வக்கீல் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். இரண்டு தடவையும் சொன்னேன். பேச்சு முடிந்ததும் ஞானசேகரன் எழுந்து எங்கள் மூன்று பேரையும் கதவுவரை வந்து வழியனுப்பினார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கன்னியப்பனுக்கு வேலை போயிற்று. கோர்ட்டுக்குப் போனான், அது இழுத்துக்கொண்டே போனது, அவன் அண்ணனோடு கடலுக்குப் போனான். விசாரணையில் சொன்னதற்காகத் தாமோதரனை அவர் சங்கமே நீக்கியது. எதிரியின் வாதத்தை ஒப்புக்கொண்டார் என்று காரணம் சொன்னார்கள். தெற்கு கேட்டில் அவர் பேச்சைப் பெரிய போர்டில் எழுதிவைத்துக் கொண்டாடினார்கள். கன்னியப்பன் பெயர் அந்தப் போர்டில் இல்லை. எனக்கு மெமோ வந்து, என்னை ஸ்டோருக்கு மாற்றி, ஓய்வு பெறும்வரை பாய்லர் வீட்டுப் பக்கமே விடவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகுதான். அன்று விசாரணை முடிந்து மூன்று பேரும் வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றோம். துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. தாமோதரன் ஏதோ சொல்ல வாயெடுப்பதும் விடுவதுமாக இருந்தார். கன்னியப்பன்தான் பேசினான். சத்தம் போடவில்லை.

"நீ நெசத்த சொல்லியிருந்தா நான் பேசாம இருந்திருப்பேன்னு நெனச்சியா தோழரே? அப்பவும் பேசித்தான் இருப்பேன். அத்தினி பேரு அங்க குந்திக்கினு துன்றான், வுட்டுட முடியுமா? ஆனா வூட்டுல அவகிட்ட சொல்லிட்டு வந்து பேசியிருப்பேன். அவ இன்னும் ஒண்ணும் ஆவாதுன்னு நெனச்சிக்கினு கீறா."

தாமோதரன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வந்து சொல்றேன்பா" என்றார்.

கன்னியப்பன் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. எண்ணூர் பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறினார்கள்.